சுரையாவும் ஸுஹைலும் தெரியும் தீவுகள்



உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சுரையா கட்டாயம் இருப்பாள். ஒரு ஸுஹைல், ஒரு தாரிக், ஒரு நஜ்மா, ஒரு ஸுஹ்ராவும் இருக்கக்கூடும். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் நாம் ஆசையோடு சூட்டிய பெயர்கள் இவை. எல்லாமே வானத்துப் பெயர்கள் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நஜ்மா என்றால் நட்சத்திரம். ஸுஹ்ரா, விடியலிலும் அந்தியிலும் மின்னும் வெள்ளி. தாரிக், இரவில் வருபவன். அந்தப் பெயரிலேயே குர்ஆனில் 86ஆம் அத்தியாயம் இருக்கிறது. சுரையா என்பது ஒரு சிறு கொத்தாக நெருங்கி நிற்கும் நட்சத்திரங்கள். தமிழில் கார்த்திகை என்கிறோம். ஸுஹைல் தென்வானின் பேரொளி. தமிழர் அதை அகத்திய நட்சத்திரம் என்றார்கள்.

பெயரைச் சூட்டினோம். அந்த நட்சத்திரத்தைப் பிள்ளைக்குக் காட்டினோமா? கொழும்பிலோ கண்டியிலோ மொட்டை மாடியில் ஏறி நின்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகள்தான் தெரியும். குற்றம் வானத்தில் இல்லை, நம் விளக்குகளில் இருக்கிறது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது என்று 2016இல் வெளியான ஓர் உலக ஆய்வு கூறியது. உண்மையான இருட்டில் நிற்பவருக்கோ ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

அப்படியொரு இருட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது, யாழ்ப்பாணத்துத் தீவுகளில்.

ஏன் அந்தத் தீவுகள்?

காரணங்கள் மூன்று. முதலாவது, நிலம் தட்டையானது. மலையோ பெருங்காடோ அடிவானை மறைப்பதில்லை. இரண்டாவது, வறண்ட பூமி. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றோடு மழை. அது ஓய்ந்தபின் பல மாதங்கள் வானம் பெரும்பாலும் தெளிவு. மூன்றாவது, பூமியில் அவை அமைந்துள்ள இடம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் இருப்பதால் வடதுருவ நட்சத்திரமும் தெற்கின் சிலுவை நட்சத்திரமும் ஒரே இரவில் அங்கே தெரியும். ஐரோப்பாவில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

அந்தக் கடலுக்கு வழிகாட்டியவையும் நட்சத்திரங்களே. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் அயல்நாட்டு வணிகரைப் பாதுகாக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிகுதி உடையவனுக்கு என்றும் அது விதிக்கிறது. அந்தக் காலத்து அரபு மாலுமிகள் கையை நீட்டி, கடல் விளிம்புக்கு மேல் நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். ‘கமால்’ என்ற சிறு பலகையும் முடிச்சுக் கயிறும் அவர்கள் கருவி. 15ஆம் நூற்றாண்டில் இப்னு மாஜித் இந்தக் கலையைப் பெருநூலாகவே எழுதி வைத்தார்.

எங்கே போவது?

சிறு பிள்ளைகளும் வயதான உம்மம்மாவும் கூட வந்தால் காரைநகர் கசூரினா கடற்கரை போதும். பொன்னாலைப் பாலம் வழியாக வாகனத்திலேயே போகலாம். கடல் வடக்குப் பக்கம். நீரின் மேல் வடதுருவ நட்சத்திரத்தைத் தேட இதைவிட வசதியான இடம் இல்லை. நீட்டிய கையின் ஒரு முஷ்டி ஏறத்தாழ பத்துப் பாகை. கடல் விளிம்பிலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் அமைதியாக, நகராமல் நிற்கும் நட்சத்திரம் அதுவே.

அடுத்தது வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் போகலாம். அருகே மண்கும்பானில் வெள்ளைக்கடற்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் பெரியவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். நகரின் வெளிச்சம் கிழக்கு வானில் படர்ந்தாலும் மேற்கும் தெற்கும் இருட்டாக இருக்கும்.

உண்மையான இருட்டு வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குத்தான் போக வேண்டும். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். 2017இல் சேவையில் விடப்பட்ட ஒரு படகுக்கு ‘நெடுந்தாரகை’ என்றே பெயர் வைத்தார்கள். தாரகை என்றால் நட்சத்திரம் அல்லவா? இரவில் திரும்ப முடியாது, தங்கியாக வேண்டும். புறப்படும் முன்பே தங்குமிடம் பேசி வையுங்கள். முருகைக்கல் வேலிகளையும் மட்டக்குதிரைகள் மேயும் தெற்கு வெளியையும் பகலிலேயே சுற்றிப் பார்த்து, இரவு நிற்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். தெற்கே கடல்தான், ஊர் வெளிச்சம் இல்லை.

நயினாதீவு படகில் மிக அருகில். ஆனால் நாகபூசணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் விளக்கொளியில் இருக்கும். திருவிழாக் காலத்தில் நட்சத்திரம் பார்க்க அது ஏற்ற இடம் அல்ல.

எப்போது போவது?

இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே வழிகாட்டி. பிறை 27இலிருந்து அடுத்த மாதப் பிறை 4 வரை நல்ல இருட்டு. 13, 14, 15இல் நிலவு நட்சத்திரங்களை விழுங்கிவிடும். பெப்ரவரி முதல் மே முற்பகுதி வரை சிறந்த காலம்; பின்னர் சோளகக் காற்று எழுந்தால் நெடுந்தீவுக் கடல் குமுறும். மஃரிபுக்குப் பின் உடனே பார்த்து ஏமாறாதீர்கள். அந்திச் செவ்வானம் முற்றாக மறைந்து இஷா வக்து வந்த பிறகே வானம் முழுதாகத் திறக்கும்.

பெப்ரவரி இரவு 9 மணிக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். தலைக்கு மேலே சற்றுத் தெற்காக, எல்லா நட்சத்திரங்களையும் விட ஒளியோடு இருப்பது ஷிஃரா. அந்நஜ்ம் அத்தியாயத்தின் 49ஆம் வசனத்தில் பெயர் சொல்லப்பட்ட நட்சத்திரம் அது. அதற்கு நேர் கீழே, கடலிலிருந்து மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஸுஹைல். இனி மேற்குப் பக்கம் திரும்பி அண்ணாந்து பாருங்கள். சிறு கொத்தாகச் சுரையா. சுரையா வடக்கைச் சேர்ந்தவள், ஸுஹைல் தெற்கைச் சேர்ந்தவன், இருவரும் எங்கே சந்திப்பது என்று பழைய அரபுக் கவிஞர்கள் வியந்தார்கள். தீவு வானத்தில் இருவரையும் உங்கள் பிள்ளை ஒரே இரவில் பார்க்கும்.

மே நடுப்பகுதியில் அதே நேரத்தில் தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் சிலுவை நட்சத்திரங்கள் நான்கும் நிமிர்ந்து நிற்கும். பால்வீதியின் அடர்ந்த பகுதியைப் பார்க்க மார்ச், ஏப்ரலில் ஸஹர் நேரத்தில் எழுந்தால் போதும்.

கிப்லாவும் பொய் வைகறையும்

நட்சத்திரம் நமக்குச் சோதிடத்துக்கு அல்ல. தரையிலும் கடலிலும் இருளில் வழியறிய அவை அமைக்கப்பட்டதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் நினைவூட்டுகிறது. வழியறிவதைப் பிள்ளைக்கு இப்படிக் கற்றுக் கொடுக்கலாம். வடதுருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்கச் சொல்லுங்கள். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினால் மேற்கு. அங்கிருந்து வடக்காக இரண்டு முஷ்டியும் கொஞ்சமும் தள்ளினால் யாழ்ப்பாணத்தின் கிப்லா. தொலைபேசி அணைந்துபோனாலும் அந்தப் பிள்ளை தொழும் திசையை அறியும்.

இன்னொன்று. வைகறை இரண்டு வகை என்று மார்க்கப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பொய் வைகறை ஓநாயின் வால் போல மேல்நோக்கி எழும்; உண்மை வைகறை அடிவானில் குறுக்காகப் பரவும். நோன்பும் சுபுஹும் உண்மை வைகறையோடு தொடங்குகின்றன. பொய் வைகறையைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? கிரகங்கள் சுற்றும் தளத்தில் பரந்துள்ள நுண்தூசியில் சூரிய ஒளி பட்டுத் தெறிப்பதே அந்த மங்கலான தூண். நகர விளக்கு அதை அழித்துவிடும். நெடுந்தீவு போன்ற இருட்டில், நிலவில்லாத ஸஹரில், கிழக்கே அதைக் காணலாம். 2026, 2027ஆம் ஆண்டுகளின் ரமழான் பெப்ரவரி, மார்ச்சில் அமைவதால் அந்த மாதத்தின் முதலும் கடைசியும் இதற்கு ஏற்றவை.

இது ஆண்களுக்கான கலை என்று எண்ண வேண்டாம். வானை அளக்கும் அஸ்துர்லாப் கருவியைச் செய்த இஜ்லிய்யா என்ற பெண், 10ஆம் நூற்றாண்டில் அலெப்போவில் ஸைபுத்தௌலாவிடம் பணிபுரிந்ததை இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் குறித்திருக்கிறார்.

கையோடு எடுத்துச் செல்ல

குடும்பமாகச் செல்லுங்கள், வீட்டு ஆண்கள் உடன் வரட்டும். எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதைத் தங்குமிடத்தாரிடம் சொல்லி வையுங்கள். கல்லும் கிணறும் உள்ள நிலம்; பாதணி அவசியம். குடிநீர், பாய், மெல்லிய போர்வை, நுளம்புக்கு மருந்து, ஒரு பிளாஸ்க் தேநீர். டோர்ச் லைட்டின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுங்கள். கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். ஒருமுறை தொலைபேசியைத் திறந்தால் எல்லாம் வீணாகும்.

காக்க வேண்டிய இருட்டு

இந்தத் தீவுகளின் இருட்டு எப்போதும் இன்பமாக இருந்ததில்லை. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் அப்பாவிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்துக் கொட்டில்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் யாழ்ப்பாணத்து வானத்தைப் பெரியவர்களின் வாய்ச்சொல்லில் மட்டுமே அறிந்தார்கள். இரவென்றால் அன்று தமிழருக்கும் முஸ்லிமுக்கும் பயம். இன்று பயமின்றி ஒரு தாய் தன் பிள்ளையோடு அந்தக் கரையில் அண்ணாந்து நிற்க முடிவது சிறிய நிஃமத் அல்ல.

அந்த மக்களுக்கு மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நல்ல செய்தி. விளக்குகள் வரும்போது அவற்றுக்கு மேல்மூடி இட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் விழச் செய்தால், தெருவும் வெளிச்சமாகும், வானமும் மிஞ்சும். இந்தப் பழக்கத்தை நம் வீட்டு முற்றத்திலும் நம் ஊர்ப் பள்ளிவாசல் வளவிலும் இன்றே தொடங்கலாம்.

அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், உங்கள் சுரையாவைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். மேலே காட்டி, “அதுதான் மகள், உன்னுடைய பெயர்” என்று சொல்லுங்கள். அந்த நொடியில் அவள் வாயிலிருந்து ஒரு சுப்ஹானல்லாஹ் வரும். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.