அறக்கட்டளைகளின் நிபந்தனைகளும் வீடின்மைக் குறைப்பும்: பின்லாந்தின் ஒய் அறக்கட்டளையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அறக்கட்டளைகள் ஐந்து நூற்றாண்டுகளாக ஏழையருக்கு வீடு கட்டி வருகின்றன. ஆயினும் குறைந்த வாடகை வீடுகளைப் பெருக்குவதும் வீடற்றோரின் எண்ணிக்கையைக் குறைப்பதும் எப்போதும் ஒரே பணியாக அமைந்ததில்லை. ஜெர்மனியின் ஃபுக்கெரை, இலண்டனின் பீபாடி அறக்கட்டளை, பின்லாந்தின் ஒய் அறக்கட்டளை ஆகிய மூன்றின் நிதியமைப்பையும் சேர்க்கை நிபந்தனைகளையும் ஒப்பிட்டு, இவ்விரு பணிகளும் எந்நிலையில் ஒன்றிணைகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறக்கட்டளை, வீடின்மை, குறைந்த வாடகை வீடுகள், முதலில் வீடு, பின்லாந்து.

முன்னுரை

திருக்கோயிலுக்கு நிலம் வழங்கியவர், அதன் வருவாயைக் கொண்டு இன்ன நாளில் இன்ன பணி நடைபெற வேண்டும் என விதித்த ஏற்பாட்டைக் கட்டளை என்பது தமிழ் மரபு. அறக்கட்டளை என்னும் சொல்லில் கொடையும் கொடையாளர் விதித்த நிபந்தனையும் ஒருங்கே அடங்கியுள்ளன. வீட்டுவசதி அறக்கட்டளைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கொடையின் அளவைப் பற்றியதாகவே உள்ளது. ஆனால், அவ்வீடுகளுக்குள் யார் நுழைந்தனர், யார் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதைத் தீர்மானித்தது நிபந்தனையே ஆகும். இந்நோக்கில் ஐரோப்பிய அறக்கட்டளைகள் மூன்று இங்கு ஆராயப்படுகின்றன.

ஃபுக்கெரை

தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வணிகரும் வங்கியாளருமான யாக்கோப் ஃபுக்கர் 1521-இல் நிறுவிய குடியிருப்பு ஃபுக்கெரை. 67 வீடுகளில் 140 குடியிருப்புகளைக் கொண்டு இன்றளவும் இயங்கி வருகிறது. ஆண்டு வாடகை ஒரு ரைன் கில்டர் என அன்று விதிக்கப்பட்டது. அதன் மதிப்பாகிய 0.88 யூரோவே இன்றும் அடிப்படை வாடகையாக வசூலிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் 1944-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சால் பெரிதும் அழிந்தும் இக்குடியிருப்பு மீண்டெழுந்தது. அறக்கட்டளைக்கெனத் தனிச்சொத்து இருந்தமையே இந்நீடிப்புக்குக் காரணம். அதன் வருவாயில் காடுகளிலிருந்து கிடைப்பது குறிப்பிடத்தக்கது.

குடியேறுவோர் ஆக்ஸ்பர்க் நகரத்தவராகவும் கத்தோலிக்கராகவும் வறியவராகவும் இருத்தல் வேண்டும். நிறுவனருக்காக நாள்தோறும் மூன்று வேண்டுதல்களைச் சொல்லுதல் வேண்டும். உழைத்தும் வறுமையுற்ற கைவினைஞரும் கூலியாளரும் இதன் பயனாளிகளாகக் கருதப்பட்டனர். தெருவில் இரந்து வாழ்வோர் கருதப்படவில்லை. ஃபுக்கெரை வறியவருக்கு வீடு அளித்தது. வீடற்றவர் அதன் மதிலுக்கு வெளியிலேயே நின்றார்.

பீபாடி அறக்கட்டளை

இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க வங்கியாளர் ஜார்ஜ் பீபாடி 1862-இல் அந்நகர ஏழையருக்கென 1,50,000 பவுன் வழங்கினார். அவருடைய பிற்காலக் கொடைகளும் உயில்வழிக் கொடையும் சேர, தொகை 5,00,000 பவுனாக உயர்ந்தது. முதற்கட்டடம் 1864-இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. வாடகை வருவாயின் மிகுதியைக் கொண்டு மேலும் கட்டுவது இதன் நடைமுறையாக இருந்தது. ஒருமுறை வழங்கிய கொடை தானே பெருகும் முதலாக மாறியதை இங்குக் காணமுடிகிறது. பிற அமைப்புகளும் இணைந்ததால் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இவ்வமைப்பு நிர்வகிக்கிறது.

வறுமையோடு நல்லொழுக்கமும் உடையோருக்கே வீடு என்பது பீபாடி விதித்த நிபந்தனை. நிர்வாகத்தினர் அதை நடைமுறை விதிகளாக்கினர். வாடகை வாரந்தோறும் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும், நிலுவைக்கு இடமில்லை, இரவில் வாயில் அடைக்கப்படும். நிலையான வார ஊதியம் உடையோரே இவ்விதிகளுக்கு ஈடுகொடுக்க இயன்றது. நாட்கூலியை நம்பி ஓரறையில் நெருங்கி வாழ்ந்தோர் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். வீடுகளின் எண்ணிக்கை உயர்ந்தும், மிகவும் தேவையுற்றோர் பயன்பெறவில்லை என்னும் குறை அக்காலத்திலேயே எழுந்தது.

ஒய் அறக்கட்டளையின் நிதியமைப்பு

பின்லாந்தில் 1985-இல் ஒய் அறக்கட்டளை நிறுவப்பட்டது. இது ஒரு செல்வரின் கொடையால் தோன்றியதன்று. பெருநகர்களின் உள்ளாட்சிகள், திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம், மனநல அமைப்பு முதலியவை இணைந்து இதனை உருவாக்கின. குடும்பங்களுக்கு முன்னுரிமை அளித்த வீட்டுவசதி வரிசையில் பின்தள்ளப்பட்ட தனியர்க்கு வீடு தேடித் தருவதே தொடக்க நோக்கம்.

இதன் செயல்முறை எளியது. பின்லாந்தில் அடுக்ககங்களை வீட்டு நிறுவனங்கள் உடைமையாகக் கொண்டுள்ளன. ஒரு வீட்டை வாங்குபவர் அந்நிறுவனத்தின் பங்குகளை வாங்குகிறார். எனவே, சந்தையில் விற்பனைக்கு வரும் சிறு வீடுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்க அறக்கட்டளையால் இயன்றது. விலையில் பாதி வரையிலான தொகை, சூதாட்ட இயந்திரங்களை நடத்தும் தனியுரிமை பெற்றிருந்த சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து மானியமாகக் கிடைத்தது. எஞ்சியது வங்கிக் கடன். வாடகை வருவாயால் அக்கடன் அடைக்கப்பட்டது. வாங்கிய வீடுகள் உள்ளாட்சிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட, அவை வீடற்றோரைக் குடியமர்த்தின.

இம்முறையால் இருவகைப் பயன்கள் விளைந்தன. முதலாவது, மானியம் ஒருமுறை செலவழிந்து தீராமல் நிலையான சொத்தாக நின்றது. வாடகைக்கு மட்டும் வழங்கப்படும் உதவி, சந்தை வாடகை உயரும்தோறும் உயர்ந்தாக வேண்டும். உடைமையாகிய வீட்டுக்கு அந்நிலை இல்லை. இரண்டாவது, வீடுகள் சாதாரணக் கட்டடங்களில் பரவியிருந்ததால் ஏழையருக்கெனத் தனிக்குடியிருப்பு உருவாகவில்லை. 2016-இல் ஒரே கொள்முதலில் 8,500-க்கும் மேற்பட்ட வாடகை வீடுகளை இவ்வறக்கட்டளை வாங்கியது. இன்று 50-க்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 18,000 வீடுகள் இதன் உடைமையாக உள்ளன.

நிபந்தனை மாற்றம்

வீடுகள் பெருகியும் நீண்டகால வீடின்மை எளிதில் குறையவில்லை. அதற்குக் காரணம் படிக்கட்டு முறை எனப்படும் ஏற்பாடாகும். வீடற்றவர் முதலில் இரவுக் காப்பகத்திலும், பின்னர் விடுதியிலும், அதன்பின் பயிற்சி வீட்டிலும் தங்கி, குடியை விட்டதையும் சிகிச்சை பெற்றதையும் மெய்ப்பித்த பின்னரே தமக்கென வீடு பெற இயலும். ஒரு படியில் தவறியவர் கீழே இறங்க நேரிடும். மதுப்பழக்கமும் மனநோயும் உடையோர் இம்முறையில் ஆண்டுக்கணக்கில் கீழ்ப்படியிலேயே தங்கினர். பீபாடியின் நல்லொழுக்க நிபந்தனை வேறு வடிவில் இங்குத் தொடர்ந்தது எனலாம்.

இதற்கு மாறான அணுகுமுறையை 1992-இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கினார். வீட்டை முதலில் வழங்கி, சிகிச்சையையும் ஆதரவையும் பின்னர் விருப்பத்தின்பேரில் அளிப்பது இதன் சாரம். 'முதலில் வீடு' என வழங்கும் இக்கொள்கையைப் பின்லாந்து தன் சூழலுக்கேற்ப வளர்த்தது. 2007-இல் நால்வர் குழு 'கதவில் பெயர்' என்னும் தலைப்பில் அறிக்கை அளித்தது. அதனடிப்படையில் 2008-இல் அரசின் தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. அரசு, நகராட்சிகள், அறக்கட்டளைகள் ஆகியவை தத்தம் பொறுப்பை ஒப்பந்தமாக ஏற்றன.

இதனால் நிபந்தனைகள் முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பது கருதத்தக்கது. குடியிருப்பவர் வாடகை செலுத்த வேண்டும். அண்டை வீட்டாருக்கு இடையூறு செய்யலாகாது. ஆனால் இவை எல்லா வாடகைதாரருக்கும் உரிய கடமைகள். வீடு பெறுவதற்கு முன் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தம் பெயரிலேயே ஒப்பந்தம் இருப்பதால், வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. ஃபுக்கெரையில் கொடையாளரின் விருந்தாளியாக இருந்த ஏழை, இங்கு உரிமையுடைய குடிமகனாகிறார்.

விளைவுகள்

ஹெல்சிங்கி நகரின் காப்பகங்களிலும் விடுதிகளிலும் 1985-இல் 2,121 படுக்கைகள் இருந்தன. 2016-இல் 52 மட்டுமே எஞ்சின. இரட்சணிய சேனை நடத்திய 250 படுக்கை விடுதி ஒன்று, ஏறத்தாழ 80 தனி வீடுகளாக மாற்றியமைக்கப்பட்டது. 2008 முதல் 2015 வரை நாட்டின் நீண்டகால வீடின்மை 35 விழுக்காடு குறைந்தது. 1980-களின் பிற்பகுதியில் 18,000-க்கும் மேலாக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் 3,429 ஆகச் சுருங்கியது. இக்கணக்கில் தெருவில் உறங்குவோர் மட்டுமன்றி, உறவினர், நண்பர் வீடுகளில் தற்காலிகமாகத் தங்கியோரும் அடங்குவர்.

எல்லைகள்

இவ்வெற்றியை அறக்கட்டளைக்கு மட்டும் உரியதாகக் கொள்வது பிழையாகும். மானியம் பொதுநிதியிலிருந்து வந்தது. குடியிருப்போரின் வாடகையில் ஒரு பகுதியை அரசின் வாடகை உதவித்தொகை ஈடுசெய்தது. ஆதரவுப் பணியாளர்களை நகராட்சிகள் ஏற்பாடு செய்தன. 2024-இல் வாடகை உதவித்தொகை குறைக்கப்பட்டது. அவ்வாண்டின் கணக்கெடுப்பில், பல்லாண்டு இறங்குமுகத்துக்குப் பின் வீடற்றோர் எண்ணிக்கை 3,806 ஆக உயர்ந்தது. ஒரே ஆண்டின் உயர்வைக் கொண்டு காரணத்தை அறுதியிடுதல் ஏற்புடையதன்று. எனினும், வீடுகளை உடைமையாகக் கொண்ட வலுவான அறக்கட்டளை இருந்தும் இவ்வுயர்வைத் தடுக்க இயலவில்லை என்பது கருத்தில் கொள்ளத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. நிலைத்த சொத்தாக மாறிய கொடையே நெடுங்காலம் குறைந்த வாடகையைக் காக்கிறது; மூன்று அறக்கட்டளைகளும் இதற்குச் சான்றாகும். அறக்கட்டளையின் முதல் பொதுநிதியோடும் கடனோடும் இணையும்போதே வீடுகள் நாடளாவிய அளவில் பெருகுகின்றன. இவ்விரண்டும் நிறைவேறினாலும், தகுதியை மெய்ப்பித்தவர்க்கே வீடு என்னும் நிபந்தனை நீடிக்கும்வரை வீடின்மை குறைவதில்லை. ஆகவே, புதிய வீட்டுவசதி அறக்கட்டளை ஒன்றை மதிப்பிடுவோர் அது கட்டிய வீடுகளின் எண்ணிக்கையோடு, அது திருப்பி அனுப்பியவர் யார் என்பதையும் கேட்டறிதல் இன்றியமையாததாகும்.