உங்களுக்குத் தெரியுமா? திரை இருண்டாலும் கணினி சொல்லும்!

பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா? காது கொடுத்துக் கேளுங்கள்.

1981இல் வந்த ஐபிஎம் பிசி, இயங்குதளத்தைத் தேடும் முன்பே தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொண்டது. டிஸ்ப்ளே கார்டே பழுதென்றால் அதைத் திரையில் எப்படிக் காட்டும்? அதற்குத்தான் குட்டி ஸ்பீக்கரின் 'பீப்' ஒலி. ஒரே ஒரு குறும்பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நெடும்பீப்பும் இரண்டு குறும்பீப்பும் என்றால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. இன்று இந்தக் கணக்கு, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளுக்கு ஏற்ப மாறும். மதர்போர்டு கையேட்டைப் பார்ப்பதே சரி.

புதிய கேபினட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. பதிலுக்குப் பல மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ, சோதனை அங்கேதான் தடைபட்டிருக்கிறது. ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். கடைக்குத் தூக்கிப் போகும் முன் அவசியம் செய்து பார்க்க வேண்டியது இது. பல நேரம் இதிலேயே உயிர் வந்துவிடும்.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.