கவலையும் கணக்கும்

பழந்தமிழில் ‘கவலை’ என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. வழி இரண்டு மூன்றாகக் கிளைத்துப் பிரியும் இடத்தையும் சான்றோர் கவலை என்றே வழங்கினர். மனத்துயருக்கும் அதே பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! தேர்வு நெருங்கும் நாட்களில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு தோல்வியையே எண்ணியிருக்கும் மாணவர், அத்தகைய வழிப்பிரிவில் நிற்பவரே ஆவர்.

இயேசுநாதர் மலைப்பிரசங்கத்தில் வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் சுட்டி, நாளைய தினத்தைக் குறித்துக் கவலைகொள்ள வேண்டாம் என்று போதித்தார். மத்தேயுவின் சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். இளமையில் இதைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பறவைக்குத் தேர்வு இல்லை, கடன்காரரும் இல்லை. உழவன் விதைநெல் எடுத்து வையாதிருக்கலாமா? இப்போதனை சோம்பலுக்கு இடம் தருமன்றோ? அந்த ஐயத்தைத் தீர்த்தது ஜார்ஜ் முல்லர் என்பவருடைய வாழ்க்கை.

முல்லர் 1805-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையின் பொறுப்பிலிருந்த பணத்தையே திருடியவர். பின்னர் மனந்திருந்தி, இங்கிலாந்து சென்று, 1836-ல் பிரிஸ்டல் நகரில் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் தொடங்கினார். குழந்தைகளின் தேவையை இறைவனிடமன்றி எம்மனிதரிடமும் சொல்லிக் கேட்பதில்லை, கடன் வாங்குவதுமில்லை. இவ்விரண்டும் அவர் மேற்கொண்ட விரதங்கள்.

ஆண்டறிக்கை வெளியிடுவதே ஒருவகை யாசகம் அன்றோ என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1841 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். கையிருப்பு மிகவும் குறைந்திருந்த வேளை அது. அறிக்கை வெளிவந்தால் நன்கொடை பெருகும் என்பதை அவர் அறிவார். அறிந்தே அதனை ஒத்திவைத்தார்! அடுத்து வந்த மாதங்கள் மிகக் கடுமையானவை. அன்றன்றைய ரொட்டிக்கும் பாலுக்கும் வேண்டிய காசு அன்றன்றே வந்தது. உடன் உழைத்தோர் தம் கைப்பொருளையும் தந்தனர்.

என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய கணக்குப் புத்தகம். வந்த காசு எவ்வளவு சிறிதாயினும் எழுதி வைத்தார். கொடுத்தவருக்கு ரசீது அளித்தார். கடையில் பாக்கி சேராதபடி ரொக்கம் கொடுத்தே வாங்கினார். 1849-ல் ஆஷ்லி டவுன் குன்றில் முதல் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. 1870-க்குள் அவை ஐந்தாகி, ஏறத்தாழ 2,000 குழந்தைகளுக்கு இடம் உண்டாயிற்று. இது சோம்பேறியின் வேலையா? திட்டமிடுதலும் கணக்கெழுதுதலும் தமது கடமை, நாளை வருவது இறைவன் கையில் உள்ளது என்று அவர் பிரித்து வைத்திருந்தார். அந்த இரண்டையும் கலந்து இரண்டையும் நாமே சுமக்க முற்படுவதைத்தான் கவலை என்கிறோம் என்பது என் கருத்து. படிப்பது மாணவர் வேலை. படித்து முடித்தபின் விளக்கை அணைத்து உறங்குவதும் அவ்விசுவாசத்தைச் சேர்ந்ததே.

இந்த விசுவாசம் துயரத்தைத் தடுத்துவிடவில்லை. 1835-ல் அவருடைய கைக்குழந்தை இறந்தது. 1870-ல் மனைவி மேரி மறைந்தார்; அடக்க ஆராதனையில் முல்லரே பிரசங்கம் செய்தார்.

1898 மார்ச் 10-ஆம் நாள், தமது 92-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் கைவழியே அறப்பணிகளுக்குச் சென்ற தொகை பத்து லட்சம் பவுனுக்கும் மேற்பட்டது. தமக்கென விட்டுச் சென்றதோ, வீட்டுச் சாமான்களையும் சேர்த்து, 200 பவுனுக்கும் குறைவு.