ஒரு விரற்கடை உயரம்

நார்வேயின் ஸ்தவாங்கர் கரையில் சிறு படகு வைத்திருக்கும் ஒருவர் மோட்டாரைக் கழற்றி ஒரு துளை மேலே ஏற்றி மாட்டுகிறார் என்றால், அவர் மாற்றுவது முக்கால் அங்குலம்தான். நம் கணக்கில் ஒரு விரற்கடை. பின்பலகையில் மாட்டும் மோட்டார்களின் துளைகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும். ஆனால் அந்த விரற்கடையில் படகின் குணமே மாறிவிடும்.

மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் குனிந்து பாருங்கள். விசிறிக்கு மேலே கூரை போல ஒரு தட்டைத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். விசிறி சுழலும்போது அதன் முன்புறம் அழுத்தம் குறையும். மேற்பரப்பு பக்கத்தில் இருந்தால் காற்று கீழே இறங்கி விசிறிக்குள் புகுந்துவிடும். காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. விசிறிக்குப் பிடிமானம் போய்விடும்; எஞ்சின் அலறும், படகு தளரும். இதைத் தடுக்கத்தான் அந்தக் கூரை.

பலரும் அதைக் கேவிடேஷன் தகடு என்பார்கள். கேவிடேஷன் வேறு, அதைவிட வியப்பானது. அங்கே வெளிக்காற்றே வேண்டாம். அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோனால், கை விறைக்கும் ஃபியோர்டுத் தண்ணீரும் விசிறி இதழின் மேல் கொதித்துக் குமிழாகும். அக்குமிழ்கள் நொறுங்கும் வேகத்தில் உலோகமே குழிபடும்.

அப்படியானால் ஆழமாக மாட்டிவிடலாமே? கூடாது. நீருக்குள் இழுபடும் பாகம் கூடினால் வேகமும் எரிபொருளும் வீண்.

நம் மீனவர்கள் நீண்ட தண்டு மோட்டாரின் விசிறியை ஓடும்போதே கையால் தாழ்த்துகிறார்கள், உயர்த்துகிறார்கள். அந்தக் கைக்கணக்கை இங்கே துளைகளில் முன்கூட்டியே செய்துவிட வேண்டியிருக்கிறது. இந்தப் பின்பலகை மோட்டாருக்கும் நார்வேத் தொடர்பு உண்டு: 1909-இல் தன் மோட்டாரை விற்கத் தொடங்கி இவ்வகையைப் பரவலாக்கிய ஓலெ எவின்ரூட், இந்நாட்டின் யோவிக் அருகே 1877-இல் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா போனவர்.

பின்பலகையின் உயரம் 15 அங்குலமா, 20-ஆ, 25-ஆ என்று பார்த்து அதற்கேற்ற தண்டுள்ள மோட்டாரை வாங்கியபின், தகட்டைப் படகின் அடிமட்டத்துக்கு நேராக வைத்துத் தொடங்குவார்கள். அடி வளைந்து கூராக இருந்தால் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். பிறகு படகை மேலெழும்பி வழுக்கி ஓடவிட்டு, துணைக்கு வந்தவர் பின்னால் பார்க்க வேண்டும். தகடு நீர்மட்டத்தைத் தடவிக்கொண்டு போனால் சரி. சடக்கென்று திருப்பும்போது விசிறி நழுவினால் ஒரு துளை கீழே இறக்குங்கள். அலை கலங்கும் ரியூஃபில்கே ஃபியோர்டுகள் பக்கம் போகிறவர்களுக்கு, கொஞ்சம் வேகம் குறைந்தாலும் தாழ்வான துளையையே நான் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை, குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். உயர்த்தியபின் முழு வேகத்தில் அது சோர்ந்தால், நீர் உறிஞ்சும் துளைகள் காற்றை உறிஞ்சுகின்றன என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்புங்கள், எஞ்சின் சூடேறிவிடும்.