அலமாரிக்கு அப்பால் ஒரு நாடு

இராயபுரத்தில் வாழும் என் தங்கை மகனுக்கு வயது பன்னிரண்டு. வானிலிருந்து பொழியும் உறைபனியை அவன் கண்டதில்லை. அவன் அறிந்ததெல்லாம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் கூடைகளின்மேல் கொட்டப்படும் பனிக்கட்டித் தூள்தான். அத்தகைய சிறுவன் கோடை விடுமுறையில் ஒரு வாரம் முழுவதும் பனிக்காட்டிலேயே உலவினான். அவனை அங்கே அழைத்துச் சென்றது, சி. எஸ். லூயிஸ் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சிங்கமும் சூனியக்காரியும் துணி அலமாரியும்' என்னும் ஆங்கில நாவல். நார்னியா என்னும் கற்பனை நாட்டைப் பற்றி அவர் எழுதிய ஏழு நூல்களுள் முதலில் வெளிவந்தது அதுவே.

இரண்டாம் உலகப் போரின்போது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இலண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு உடன்பிறப்புகளே கதை மாந்தர். 1939இல் அவ்வாறு அனுப்பப்பட்ட சிறுவர் சிலர், ஆக்ஸ்போர்டு அருகிலிருந்த லூயிசின் இல்லத்தில் உண்மையாகவே தங்கியிருந்தனர். அந்த அச்சம் நம் நகருக்கும் புதிதன்று. 1942 ஏப்ரலில், சப்பானியர் தாக்கக்கூடும் என்று அஞ்சிச் சென்னை மக்கள் திரள் திரளாக வெளியூர்களுக்குச் சென்றனர்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும் லூசி என்னும் சிறுமி ஒரு துணி அலமாரிக்குள் நுழைகிறாள். உள்ளே தொங்கும் அங்கிகளை விலக்கி நடந்தால், பலகைச் சுவருக்குப் பதிலாகப் பனி மூடிய காடு! சூனியக்காரியின் மாயத்தால் அந்நாட்டில் குளிர்காலம் நீங்குவதே இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவும் வருவதில்லை. "குடில் கட்டவே முடியாதா?" என்று எங்கள் சிறுவன் திகைத்துப் போனான்.

எனினும் அவனைப் பெரிதும் தாக்கியது வேறோர் இடம். அண்ணன் எட்மண்டும் அந்நாட்டைக் கண்டவனே. ஆயினும் மற்றவர்கள் முன்னிலையில் அதை மறுத்து, லூசியைப் பொய்க்காரியாக்கி விடுகிறான். அப்பக்கத்தைப் படித்ததும் எங்கள் சிறுவன் நூலை மூடிவிட்டான். அன்றிரவு தன் தாயிடம் சென்று, கடையில் வாங்கிய மீதிச் சில்லறையைத் தானே செலவழித்ததாகவும், அதற்காகத் தன் தங்கை திட்டு வாங்கியபோது வாய் திறவாமல் நின்றதாகவும் கூறினான். எவரும் அவனை அதுவரை வினவவே இல்லை.

மறுநாள்தான் மீதிக் கதையைப் படித்தான். எட்மண்டு உடன்பிறந்தோரையே காட்டிக்கொடுக்கிறான். அவனுக்காக அஸ்லான் என்னும் சிங்கம் தன் உயிரைக் கையளித்து, மீண்டும் உயிர்த்தெழுகிறது. எட்மண்டு மன்னிப்புப் பெற்று, பின்னர் நீதியுள்ள அரசனாக விளங்குகிறான். நார்னியாவில் பல்லாண்டுகள் ஆண்டபின் நால்வரும் திரும்பி வருகையில், இவ்வுலகில் ஒரு நொடியும் கழிந்திருக்கவில்லை.

பெற்றோரே! "பாடத்தை விட்டுக் கதைப் புத்தகமா?" என்று என் தங்கையும் முதலில் கடிந்துகொண்டவள்தான். பிள்ளை வேறோர் உலகுக்குச் செல்வதைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அவன் அங்கிருந்து எதைக் கொண்டு திரும்புகிறான் என்பதையும் சற்றே பொறுத்துப் பார்ப்போமாக. நம் அறிவுரைக்குத் திறவாத உள்ளம் சில வேளை ஒரு கதைக்குத் திறக்கிறது.

இப்போது அவ்வீட்டில் மாலைதோறும் அண்ணன் அந்நூலைத் தமிழில் எடுத்துரைக்க, தங்கை அருகில் அமர்ந்து கேட்கிறாள். லூசி வரும் இடங்களை மட்டும் இருமுறை சொல்லச் சொல்கிறாளாம்.