பஞ்சாயத்து வரை வந்த கேபிள்

இந்தியாவில் ஒரு வீட்டில் இணையம் இருக்குமா என்பதை வருமானமும் ஊரும்தான் பெரும்பாலும் தீர்மானித்துவந்தன. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் 42 சதவீத வீடுகளில் இணைய வசதி இருந்தது, கிராமங்களில் 14.9 சதவீதம். கணினி உள்ள கிராமத்து வீடுகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வந்தபோதே டேட்டா விலை சரியத் தொடங்கியிருந்தது. அதன் முழு விளைவு அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகே தெரிந்தது. 2025இல் அரசு எடுத்த கணக்கில் 86 சதவீத வீடுகளில் இணையம் இருந்தது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் இணையம் என்பது ஒரு போனும் அதற்குப் போட்ட ரீசார்ஜும்தான். கேபிள் வழி பிராட்பேண்ட் சில கோடி இணைப்புகளோடு நிற்கிறது. அப்பா போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் வீட்டில் இணையம் கிடையாது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளின்போது, ஒரே போனுக்கு அண்ணன் தங்கைகள் முறைவைத்துக் காத்திருந்த வீடுகளில் இது நன்றாகவே தெரிந்தது. ஒரே கூரைக்குள்ளும் பங்கு சமமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களில் 57 சதவீதம் பேர் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பெண்களில் 33 சதவீதம் பேர்தான்.

அரசு கையிலெடுத்த பெரிய வேலை, 2011இல் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் வசூலித்துச் சேர்த்த நிதியைக் கொண்டு சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் போடுவது நோக்கம். கெடு பலமுறை தள்ளிப்போனது. கேபிள் வந்த ஊர்களிலும் பஞ்சாயத்து அலுவலகத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தெருவுக்குள் யார் இழுப்பது, மாதக் கட்டணம் கட்ட முடியாதவர் என்ன செய்வது என்பவற்றுக்குத் திட்டத்தில் சரியான விடை இல்லை. உண்மையில் கோளாறு அங்கேதான். 2023இல் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்திய திட்டம்தான், உள்ளூர் தொழில்முனைவோரை வைத்து வீடுகளுக்கு இணைப்புத் தருவதைப் பெரிய அளவில் சேர்த்துக்கொண்டது.

கேரளம் வீட்டிலிருந்தே தொடங்கியது. விடுதியில் போனுக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் தொடங்கிய மாநில அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காக வைத்தது. முதற்கட்டத்துக்குக் குறித்தது தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. கேபிளில் பெரும்பகுதி மின்வாரியக் கம்பங்களில் போகிறது. அதனால் அந்த இடங்களில் சாலையைத் தோண்ட வேண்டியதில்லை.