வண்ணப் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், என் வகுப்பறை வாசலில் ஒரு தாய் தயங்கியபடி வந்து நின்றார். கையில் கைப்பேசி. அதில் நாற்பத்தெட்டு வண்ணங்கள் அடங்கிய பெரிய பெட்டியின் படம்.

"டீச்சர், பையன் இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அவங்க அப்பா ஓவர்டைம் செஞ்சாவது வாங்கித் தரேன்னு சொல்லிட்டாரு. வாங்கலாமா?"

கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். வீட்டில் மூன்று பிள்ளைகள். பள்ளி தொடங்கும்போது அரசு தரும் உதவித்தொகை, 2023இலிருந்து வருமானம் பாராமல் மாணவருக்கு 150 வெள்ளி என்று கிடைக்கிறது. சீருடைக்கும் காலணிக்குமே அது சரியாகப் போய்விடும். வண்ணப் பெட்டிக்கு எங்கே போவார்கள்?

"வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று டீச்சர் நினைக்கிறார் என எண்ணிக்கொண்டார் போலும். அதனால் உடனே, "சனிக்கிழமை கிள்ளானுக்கு வாங்க. நானும் கூட வர்றேன்" என்றேன்.

நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எல்லாப் படங்களையும் கறுப்பிலேயே தீட்டிக்கொண்டு வந்தாள். மரம் கறுப்பு, சூரியனும் கறுப்பு. சோம்பேறித்தனம் என்று எண்ணி, வகுப்பில் எல்லோர் முன்னும் கடிந்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே பெட்டி. அண்ணன், அக்கா கைமாறி இவளிடம் வரும்போது மிச்சமிருந்தது கறுப்பு ஒன்றுதான். நான் வண்ணக்கட்டி வாங்கிக் கொடுத்தும் அவள் அதன்பின் விருப்பத்தோடு வரையவே இல்லை.

சரி, கடைக்குப் போவோம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலைக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி, அருகிலுள்ள ஓர் எழுதுபொருள் கடைக்குப் போனோம். முதலில் எடுத்தது பென்சில். யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டாலும், அந்தத் தேர்வால் பழகிய 2பி பென்சில் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. படம் பழகவும் அதுவே நல்லது. பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அன்று. காரீயகமும் களிமண்ணும் கலந்த கலவை. 1795இல் பிரான்சு நாட்டின் கோன்டே கண்ட முறை இது. களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும். குறைந்தால் மிருதுவாகும், கோடு கறுக்கும். எச்.பி. ஒன்று, 2பி ஒன்று, நிழல் தீட்ட 6பி ஒன்று என உதிரியாகவே வாங்கலாம். பன்னிரண்டு பென்சில் அடங்கிய தகரப் பெட்டி கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

அழிப்பான் வெள்ளையாக, மிருதுவாக இருக்கட்டும். பழ வாசனை வீசும் வண்ண அழிப்பான்களில் பல தாளைக் கறையாக்கிவிடும். இங்கே ஒன்று சொல்ல ஆசை. மரப்பால் பிசின் பென்சில் கோட்டை அழிக்கிறது என்று 1770இல் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி எழுதி வைத்தார். தேய்த்து அழிப்பதால்தான் அதற்கு 'ரப்பர்' என்ற பெயரே வந்தது. நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் வெட்டிய மரத்துக்குப் பெயர் கொடுத்தது பிள்ளையின் பென்சில் பெட்டியில் கிடக்கும் இந்தச் சிறு துண்டு! இப்போது பெரும்பாலான அழிப்பான்கள் பிளாஸ்டிக் வகையில் ஆனவை. ஃபேபர் காசல் நிறுவனத்தின் அழிப்பான் ஆலை நம் சிலாங்கூரிலேயே இருக்கிறது.

அடுத்தது வண்ணம். பையன் நாற்பத்தெட்டைத் தேடினான். நான் பன்னிரண்டு கட்டிகள் கொண்ட ஆயில் பாஸ்டல் பெட்டியைக் காட்டினேன். பன்சோ, பென்டல் எதுவானாலும் சரி. மெழுகுக் கிரேயானைச் சிறு குழந்தைகள் உடைக்காமல் பிடித்துப் பழகலாம். ஆனால் எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் ஆயில் பாஸ்டலே ஏற்றது. எண்ணெய்ப் பசை உள்ளதால் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைப் பூசி விரலால் தேய்த்தால் இரண்டும் கலந்துவிடும். மஞ்சள் பூசி அதன்மேல் நீலம் தேய்த்தால் செம்பனைக் குருத்தின் பச்சை வரும். நீலத்தைக் கூட்டினால் முற்றிய ஓலை. நாற்பத்தெட்டையும் கையில் கொடுத்தால் பிள்ளை கலக்கவே கற்றுக்கொள்ளாது, தேடி எடுக்கத்தான் பழகும். அது மட்டுமா? விலை உயர்ந்த பெட்டியை அம்மாமார்கள் அலமாரியில் பூட்டி வைப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். "உடைச்சிடாதே, வேஸ்ட் பண்ணாதே" என்ற அதட்டல் வேறு. பிறகு எங்கே வரைவது?

பெட்டியைத் திருப்பி, இ.என்.71 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அது ஐரோப்பிய விளையாட்டுப்பொருள் பாதுகாப்புத் தரம். வாயில் வைக்கும் வயதில் தம்பி தங்கை இருந்தால், எந்தக் குறியும் இல்லாத மலிவுப் பெட்டியை, இரண்டு வெள்ளிக் கடையில் எவ்வளவு மினுமினுத்தாலும் வாங்க வேண்டாம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் வண்ணக்கட்டிகளை விடாதீர்கள். இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பணம் அதிகம் கரைவது தாளில்தான். நல்ல டிராயிங் பிளாக் ஒன்றை வாங்கி, பள்ளிக்கும் போட்டிக்கும் மட்டும் எடுத்து வையுங்கள். நீர்வண்ணத்துக்குத் தடித்த தாள்தான் தாங்கும். 135 கிராம் என்று போட்டிருந்தால் பள்ளி வேலைக்குப் போதும். தினமும் கிறுக்கிப் பழக அது வேண்டாம். மாஜோங் தாள் இருக்கிறதே, ஆசிரியர்கள் சுவரில் ஒட்டி எழுதும் அந்தப் பெரிய வெள்ளைத்தாள், ஒன்றை மடித்துக் கிழித்தால் பல நாள் வரும். திருமண அழைப்பிதழின் பின்பக்கம், மளிகைக் கடையும் நகைக் கடையும் கொடுக்கும் மாதக் காலண்டரின் பின்பக்கம், எல்லாம் காசில்லாத தாள். ஆனால் வழவழப்பான தாளில் மெழுகு வழுக்கும். அங்கே பென்சிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐயம் இருந்தால் மூலையில் ஒரு கோடு தேய்த்துப் பாருங்கள்.

நீர்வண்ணத்தை அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. வாங்கும் காலம் வந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என நான்கு குழாய்கள் போதும். தூரிகை இரண்டு: எட்டாம் எண் ஒன்று, மூன்றாம் எண் ஒன்று. தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைத்தால் அதன் மயிர் வளைந்து போகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

கோலம் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை நடுங்குவதில்லை என்பது என் அனுபவம். புள்ளிக்குப் புள்ளி அளவு பார்க்கும் கண்ணை எந்தக் கடையிலும் விற்பதில்லை. பையன்களையும் அரிசி மாவோடு வாசலில் உட்காரவையுங்கள், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

திரும்பும் வழியில் அந்தத் தாய் மெல்லக் கேட்டார்: "படம் வரைஞ்சு என்னா ஆகப்போவுது, டீச்சர்?" 1943இல் தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, இராமாயணக் காட்சிகளைப் பெரிய பெரிய ஓவியங்களாகத் தீட்டிய சையத் தாஜுடீனைப் பற்றிச் சொன்னேன். கோலாலம்பூரில் தித்திவங்சா பக்கமுள்ள தேசிய கலைக்கூடத்துக்கு ஒரு நாள் பையனைக் கூட்டிப் போகச் சொன்னேன். ஆனால் அவன் ஓவியனாவான் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது.

மூன்று பென்சில், அழிப்பான், பென்சில் சீவி, பாஸ்டல் பெட்டி, டிராயிங் பிளாக், எல்லாம் சேர்த்து இருபது வெள்ளிக்குள் அடங்கியது. மிச்சச் சில்லறையில் பையனின் தங்கைக்கென்று சின்ன கிரேயான் பெட்டி ஒன்றும் வாங்கச் சொன்னேன். அவளுக்கும் தனியாக ஒன்று இருக்கட்டும்.

பள்ளி திறந்ததும் பையன் ஒரு படம் கொண்டுவந்தான். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளோடு அப்பா அண்ணாந்து நிற்கிறார்; குலை பாதி வழியில் விழுந்துகொண்டிருக்கிறது. ஓலைகளில் மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை. மூலையில் மட்டும் தேய்த்துப் பார்த்த நாலைந்து கோடுகள். பின்பக்கத்துத் தேதிகள் தாளில் இலேசாகத் தெரிந்தன.

மறுநாள் தாயாரே வந்துவிட்டார், முறையீட்டோடு. "இந்த மாசமே இன்னும் முடியல, அடுத்த மாசத்தையும் கிழிச்சிட்டான் டீச்சர். பிரதோஷம் என்னிக்குன்னு பாக்க நான் பக்கத்து வீட்டுக்குப் போறேன்."